பொட்டுக்கு வரவேண்டிய இரண்டு பங்கு

அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வழக்கமாக இந்த மாதிரி நினைவு மலரை, பந்தி முடிந்து கிளம்பும்போதுதான் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்குக் கொண்டுபோய் அலமாரிமேல் போட்டுவைக்க அதுதான் வசதி. நான் அக்காவின் மகன் முரளியிடம் சொல்லி, பந்திக்கு முன்பே இதை எல்லோரிடமும் கொடுக்க வைத்திருக்கிறேன். ஏன் என்பது படித்து முடித்தால் தெரியும். பசியோடு இருப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இந்த மலருக்கென்று ஏகாம்பரம் ஒரு பத்தி எழுதிக் கொடுத்தார். அவர் அக்காவுடைய கணவரின் அண்ணன் மகன். "எங்கள் சின்னம்மா அடக்கமே உருவானவர். அதிர்ந்து ஒரு சொல் பேசாதவர். எந்தக் காரியத்திலும் பின்னாலேயே நின்றவர்" என்று எழுதியிருந்தார். படித்தேன். மடித்து வைத்துவிட்டேன். அச்சகத்துக்கு அனுப்பவில்லை.

அக்கா அதிர்ந்து பேசாதவரா? அவர் கூப்பிட்டால் மூன்றாவது கழனியில் மேயும் மாடு தலை தூக்கும். பின்னாலேயே நின்றவர் என்பது பாதி உண்மை. பின்னால் நிற்க வைக்கப்பட்டவர் என்று எழுதியிருந்தால் திருத்தாமல் அச்சுக்குக் கொடுத்திருப்பேன். நிறுத்தி வைத்தவர்கள் யார் என்பதையும் அவரே எழுதியிருக்கலாம். அவர் எழுதாததால் நான் எழுத வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அதட்டியே காலம் கழித்தவள் நான். எழுத்திலும் அந்தத் தொனி வரத்தான் செய்யும்.

அக்கா பிறந்தது திருவாலங்காட்டில். அப்பாவை நைனா என்போம். அவருக்கு ஏரிப் பாசனத்தில் கொஞ்சம் நெல் நிலம் இருந்தது. நாங்கள் இரண்டு பெண்கள். அக்கா மூத்தவர், நான் அடுத்தவள். அக்காவை ஐந்தாம் வகுப்போடு நிறுத்தினார்கள். அம்மாவுக்கு உடம்பு சுகமில்லாததால் வீட்டு வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது. என்னைப் படிக்க வைத்தது நைனா என்று எல்லோரும் சொல்வார்கள். உண்மையில், "அவ போவட்டும் நைனா, ஊட்ட நான் பாத்துக்கறேன்" என்று தினமும் சண்டை போட்டவர் அக்கா. நான் வாங்கிய ஆசிரியைச் சம்பளம் முழுக்க அந்தச் சண்டையில் வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில் அக்காவுக்குக் கல்யாணம் ஆனது. ஊத்துக்கோட்டைக்கும் மேற்கே, ஆந்திர எல்லை மலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் கொடுத்தார்கள். நெல் வயலையே பார்த்து வளர்ந்தவருக்கு அது வேறு உலகம். செம்பாறையும் காரை முள்ளும், மழைத் தண்ணீர் அறுத்துப்போட்ட ஆழமான ஓடைகளுமாக இருக்கும். இடையிடையே கொஞ்சம் மண் இருக்கும் இடத்தில் வேர்க்கடலை போடுவார்கள். அந்தக் கடலை காய் பிடித்ததும் மலையிலிருந்து காட்டுப்பன்றி இறங்கும். ஒரு கூட்டம் வந்துபோனால், காலையில் போய்ப் பார்ப்பவருக்கு ஏர் ஓட்டிய நிலம் மாதிரி கிடக்கும்.

அக்காவின் கணவரை நான் மாமா என்று அழைப்பேன். நல்ல மனிதர். இதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. பன்றி வேட்டைக்கு நாய் வளர்க்கும் குடும்பம் அவருடையது. அண்ணன் தம்பி இருவரும் ஈட்டி பிடிப்பார்கள். ஆனால் மாமா நாய்க்குட்டிகளை அக்காவின் கையில் விட்டார். அக்கா அவற்றை வளர்த்த விதத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கேழ்வரகுக் களியில் கொஞ்சம் மோர் ஊற்றிப் பிசைந்து, ஒவ்வொரு குட்டியாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுப்பார். பழைய சாக்குத் துண்டை வாயில் கொடுத்து "புடி" என்பார். கடித்துத் தொங்க வேண்டும். "உடு" என்பார். அந்தக் கணமே வாயைத் திறக்க வேண்டும். திறக்காத குட்டிக்கு அன்று களி கிடையாது. இரண்டே வார்த்தைகள்தான். அவற்றில்தான் அந்த வேட்டையே நின்றது.

வேட்டையைப் பார்க்காதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. நாய் பன்றியைக் கொல்லாது. பன்றியின் காதையும் தொடையையும் கவ்விப் பிடித்து நிறுத்தும். ஆள் ஓடிவந்து ஈட்டியைப் பாய்ச்சுவார். ஈட்டி இறங்கியதும் நாய்கள் விட்டு விலகிவிட வேண்டும். விலகாவிட்டால் சாகப்போகும் பன்றி தலையை வீசி, கோரைப்பல்லால் நாயின் வயிற்றைக் கிழித்துவிடும். ஆகவே "உடு" என்று சொல்லும் குரல் சரியான நேரத்தில் நாயின் காதில் விழ வேண்டும். மாமா இருந்தவரை அவரோடு அக்காவும் போனார். பாறைமேல் நின்று குரல் கொடுப்பார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு மாமாவுக்கு மஞ்சள் காமாலை வந்தது. பச்சிலை கொடுத்தார்கள், மந்திரித்தார்கள், கடைசியில் வண்டி கட்டித் திருவள்ளூருக்குக் கொண்டுபோனார்கள். காலம் கடந்துவிட்டது. முரளி அப்போது தவழ்ந்துகொண்டிருந்தான்.

அந்த வருடமே எனக்கு அந்த ஊர்ப் பஞ்சாயத்துப் பள்ளியில் வேலை கிடைத்தது. அக்காவோடு தங்கினேன். அதனால் இனி எழுதுவது கேள்விப்பட்ட கதை இல்லை.

மாமா இறந்தபின் அக்காவைச் சுற்றி ஒவ்வொன்றாக வேலி போட்டார்கள். அவற்றைப் போட்டவர் அக்காவின் மூத்தார், அதாவது ஏகாம்பரத்தின் தந்தை. முதல் வேலி நாயின் பெயருக்கு. அக்காவின் நாய்களில் தலைமை நாய்க்குப் பொட்டு என்று பெயர். கருத்த உடம்பு, நெற்றியில் மட்டும் வெள்ளைப் புள்ளி. மாமா வைத்த பெயர் அது. தாலி இழந்தவள் வாசலில் நின்றுகொண்டு "பொட்டு, பொட்டு" என்று கூப்பிடுவது நன்றாக இல்லை, பெயரை மாற்று என்று மூத்தார் ஆள் அனுப்பினார். மனிதர்களின் நெற்றியில் இருப்பதை அழித்தது போதாதென்று நாயின் நெற்றிக்கு வந்தார்கள். அன்று சாயங்காலம் அக்கா தெருவில் இறங்கி, மூத்தார் வீட்டு வாசல்வரை போய், பொட்டு அங்கே இல்லை என்று தெரிந்தும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு வந்தார். இவர்தான் அதிர்ந்து பேசாதவர்.

இரண்டாவது வேலி வேட்டைக்கு. வேட்டைக்குப் புறப்படும்போது விதவை எதிரே வந்தால் ரத்தக்காயம் ஆகும் என்றார்கள். அக்கா வரக்கூடாது, நாய்கள் வரலாம். நாய்களை ஏகாம்பரம் பிடித்துப் போவார். அப்போது அவருக்கு மீசை அரும்பி நன்றாகவே முறுக்கும் வயது. ஊருக்குப் பக்கத்துப் புதர்களில் வேட்டை நடந்தவரை இது ஓடியது. ஏனென்றால் அக்கா தன் சொந்தக் கடலைக்காட்டு வரப்பில் நின்று குரல் கொடுத்தார். அதை யாரும் தடுக்க முடியாது. முன்னால் நின்று ஏகாம்பரமும் "உடு" என்று கத்துவார். நாய்கள் விடும். தன் சொல்லுக்குத்தான் விடுகின்றன என்று அவர் நினைத்துக்கொண்டார். ஊரும் நினைத்தது. சேவல் கூவியதால்தான் பொழுது விடிந்தது என்கிற கணக்கு.

மூன்றாவது வேலிதான் பங்குக்கு. பன்றி விழுந்தால் பங்கு போடும் முறை அந்த ஊரில் கல்வெட்டு மாதிரி. முதல் ஈட்டி போட்டவருக்குத் தலை. பன்றி யார் நிலத்தில் விழுந்ததோ அவருக்கு ஒரு தொடை. வேட்டைக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு பங்கு. ஒவ்வொரு நாய்க்கும் ஆளுக்குச் சமமாக ஒரு பங்கு. அதற்கு நாய்ப் பங்கு என்று பெயர், அது நாய் வளர்த்தவருடைய வீட்டுக்குப் போக வேண்டும். வேட்டையில் செத்த நாய்க்கு மட்டும் இரண்டு பங்கு. ஒன்று வளர்த்தவருக்கு, ஒன்று நாயோடு குழியில் வைப்பதற்கு.

மாமா போனபின் நாய்ப் பங்கு மூத்தார் வீட்டுக்குப் போனது. "ஆம்பள இல்லாத ஊட்டுக்கு இன்னாத்துக்குப் பங்கு? நம்ம ஊட்டுல ஆக்கி அனுப்பனா ஆச்சி" என்றார். ஆக்கி அனுப்பவும் இல்லை. குடலும் எலும்பும் நாய்களுக்கு வரும். நாய்க்குப் பங்கு உண்டு, நாயை வளர்த்தவளுக்குப் பங்கு இல்லை. இதை நியாயம் என்று ஏற்றுக்கொண்டு ஏப்பம் விட்டவர்களில் பலர் இன்று பந்தியில் உட்காரப் போகிறீர்கள். உங்கள் பெயரை எழுதவில்லை. உங்களுக்கே தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஓர் ஐப்பசி. கடலை பிடுங்கும் நேரம். ஒற்றைப் பன்றி ஒன்று இறங்கியது. கூட்டத்தை விட்டுப் பிரிந்து தனியாகத் திரியும் கிழட்டு ஆண். வரப்பில் காவல் இருந்தவர்களை விரட்டிவிட்டே கடலையைத் தின்றது. பகலில் அது படுத்திருக்கும் இடத்தைக் கண்டுபிடித்தார்கள். ஊரிலிருந்து வெகு தூரத்தில், மலையடிவாரத்தில் இருக்கும் நரி ஓடை. இரண்டு பக்கமும் பாறைச் சுவர். நடுவில் ஆள் உயர முள்.

மூத்தார் எங்கள் வாசலுக்கு வந்து, தெருவிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"காலையில நாய்ங்கள அவுத்து வை. ஏகாம்பரம் வருவான்."

அக்கா உள்ளிருந்து வெளியே வந்தார். "நானும் வர்றேன் பெரிய மாமா. அந்த ஓடைக்கு என் கொரல் இங்கேர்ந்து எட்டாது. நான் உடுன்னாதான் அதுங்க உடும்."

"ஏன், ஏகாம்பரம் சொன்னா உடறதில்லையா?"

"அவன் சொல்லும்போது பின்னால யாரு கத்திகினு இருந்தாங்கன்னு கேட்டுப் பாருங்க."

மூத்தாருக்குக் கோபம் வந்தது. ஆனாலும் யோசித்தார். அவருக்கு ஒரு யோசனை தோன்றியது. நாய் ஆளை அடையாளம் காண்பது வாசனையால்தானே? அக்கா கட்டி அவிழ்த்த, துவைக்காத சேலை ஒன்றைக் கொடுத்தால் போதும். ஏகாம்பரம் அதைத் தலையில் கட்டிக்கொண்டு போவார். நாய்கள் அவரை அக்கா என்று எண்ணிச் சொன்னபடி கேட்கும். ஊர்ப் பெரியவர்கள் தலையாட்டினார்கள். பலே என்றார்கள்.

வெள்ளைச் சேலை கட்டியவள் எதிரே வந்தால் அபசகுனம். அதே வெள்ளைச் சேலையைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு பத்து ஆண்கள் புடைசூழப் போனால் சகுனத்துக்குக் கண் தெரியாது. நான் வாய் திறந்தேன். "டீச்சரம்மா, உங்க வேல பள்ளிக்கூடத்துல. இது ஆம்பளைங்க சமாச்சாரம்" என்றார்கள். புடவை எந்த ஆம்பளையுடையது என்று கேட்டேன்.

அக்கா நாய்களை அனுப்ப மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். ஆனால் அக்காவின் கடலையும் அந்தக் காட்டில்தான் இருந்தது. இன்னும் இரண்டு தடவை அந்தப் பன்றி வந்தால் முரளிக்குக் கஞ்சி கிடையாது. சேலையை எடுத்து, அதை வாங்க வந்த ஓரகத்தியின், அதாவது ஏகாம்பரத்தின் தாயின், கையில் வீசினார்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. எனக்குப் பள்ளி இல்லை. வேட்டைக்காரர்கள் ஊர் எல்லையைத் தாண்டும் வரை அக்கா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். அவர்கள் விதித்தபடியே இருந்தார் என்பதை எல்லோரும் குறித்துக்கொள்ள வேண்டும். தாண்டியபின் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, "வாடி" என்றார். அவர்களுக்குப் பின்னால், தூரமாக, கண்ணில் படாமல் நடந்தோம்.

ஓடையை நெருங்கும்போது நாய்கள் குரைப்பது கேட்டது. பொட்டின் குரல் தனியாகத் தெரிந்தது. பிறகு சட்டென்று எல்லாம் அடங்கியது.

"புடிச்சிட்டுச்சிங்க" என்றார் அக்கா. வாயில் கறி இருக்கும் நாய் குரைக்காது. நாங்கள் நின்றோம். ஆள் கத்தும் சத்தம் வந்தது. "உடு, உடு" என்று ஏகாம்பரத்தின் குரல். அதற்குப் பிறகும் நாய்கள் குரைக்கவில்லை.

"இம்மா நேரம் கம்முனு இருக்கக்கூடாதுடி" என்று சொல்லிக்கொண்டே அக்கா ஓடினார். முள்ளில் சேலை மாட்டிக் கிழிந்தது. நிற்கவில்லை. பாறை விளிம்பில் போய் நின்றோம்.

கீழே பார்த்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பொட்டு பன்றியின் காதைக் கவ்வியிருந்தது. மற்ற இரண்டு நாய்கள், அதன் பிள்ளைகள், பின்தொடையைப் பிடித்திருந்தன. ஏகாம்பரத்தின் ஈட்டி தோள் எலும்பில் பட்டு வழுக்கி எங்கோ விழுந்திருந்தது. ஈட்டி இறங்கிவிட்டதாக எண்ணி அவர் "உடு" சொல்லியும் நாய்கள் விடாததால், பொட்டின் பின்னங்காலைப் பிடித்து இழுத்திருக்கிறார். நாயின் பிடி பாதி நழுவியது. பன்றி தலையை வீசியது. ஒரே வீச்சில் பொட்டின் வயிறும் ஏகாம்பரத்தின் தொடையும் கிழிந்தன. அவர் மல்லாந்து கிடந்தார். தலைப்பாகை அவிழ்ந்து, அக்காவின் சேலை முள்ளில் தொங்கியது. அவர்மேல் பன்றி. ஈட்டியோடு வந்த வீரர்கள் ஆளுக்கொரு பாறைமேல் ஏறி நின்று, "நாய உடச் சொல்லு, நாய உடச் சொல்லு" என்று யாரிடமோ கத்திக்கொண்டிருந்தார்கள்.

"உடு" என்று அக்கா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மூன்று நாய்களும் விலகியிருக்கும். பொட்டின் வயிற்றைத் தைத்துப் பிழைக்க வைக்கவும் வாய்ப்பு இருந்தது. அப்படித் தைத்து இரண்டு நாய்களைக் காப்பாற்றியவர் அக்கா. ஆனால் காது விடுபட்ட பன்றி ஏகாம்பரத்தை என்ன செய்திருக்கும் என்பதற்கு விளக்கம் வேண்டியதில்லை.

அக்கா மலை அதிரக் கத்தினார். "பொட்டு, புடி."

தளர்ந்துகொண்டிருந்த அந்த நாய் மறுபடி பல்லை இறுக்கியது. நான் பார்த்தேன். குடல் மண்ணில் இழுபட, நான்கு காலையும் ஊன்றிப் பன்றியின் தலையைப் பக்கவாட்டில் திருப்பியது. அந்த நேரத்தில் ஓடைக்குள் குதித்தவர்கள் இரண்டே பேர். ஏரிக்கரை இருளர் குடியிருப்புக் கன்னியப்பனும் அவர் தம்பியும். அவர்கள் ஏகாம்பரத்தின் கைகளைப் பிடித்து இழுத்து வெளியே போட்டார்கள். அதன்பிறகுதான் மூத்தாருக்குத் தைரியம் வந்தது. இறங்கிவந்து பன்றியின் விலாவில் ஈட்டியை இறக்கினார்.

"உடு" என்றார் அக்கா. பிள்ளைகள் இரண்டும் உடனே விட்டு விலகின. பொட்டு விடவில்லை. அக்கா இறங்கிப்போய்ப் பார்த்தார். அது இறந்திருந்தது. வாயைக் கையால் திறந்துதான் எடுக்க வேண்டியிருந்தது.

நாயை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவர் என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "உடுன்னு சொல்லியிருந்தா பொழச்சிருக்கும்டி."

இவ்வளவும் நடந்தபின் சாயங்காலம் ஊர் மந்தையில் பங்கு போட்டார்கள். ஏகாம்பரத்தை வண்டியில் போட்டு ஊத்துக்கோட்டைக்கு அனுப்பித் தையல் போட்டாயிற்று, உயிருக்கு ஆபத்தில்லை என்று செய்தியும் வந்துவிட்டது. பனை ஓலையைப் பரப்பிக் கறியைக் கூறு கட்டிக்கொண்டிருந்தார்கள். கன்னியப்பனும் தம்பியும் அங்கே இல்லை. அவர்கள் அக்காவின் கடலைக்காட்டு வரப்பில் பொட்டுக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். அக்கா ரத்தம் காய்ந்த சேலையோடு மந்தைக்கு வந்து நின்றார்.

"பொட்டுக்கு ரெண்டு பங்கு வைங்க பெரிய மாமா. குழி வெட்டியாச்சி."

மூத்தார் நிமிர்ந்து பார்க்கவில்லை. "நாய்தான் செத்துப்போச்சே. துன்றதுக்கு யாரு கீறா?"

"செத்ததாலதான் ரெண்டு. வழக்கம் நீங்க சொன்னதுதான்."

"வழக்கமா? வழக்கத்த நீ பேசறியா? எதிர்ல வராதன்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேன். வந்தே. என் புள்ள ரத்தம் கொட்னான். அந்த ரெண்டு பங்கு அபசகுனத்துக்குக் கழிஞ்சிப்போச்சி. ஊட்டுக்குப் போ."

பின்னால் வந்தவர் எப்படி எதிரே வந்தார்? ரத்தம் கொட்டிய பிறகு வந்தவரால் எப்படி ரத்தம் கொட்டியது? இந்தக் கணக்கை என் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கொடுத்தாலும் தப்பு என்று சொல்லும். அங்கே சுற்றி நின்றவர்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை. அவரவர் கூறைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கறி அவ்வளவு ருசியா என்று கேட்டேன்.

பொட்டு வெறுங்குழிக்குள் போனது.

அதன்பிறகு அக்கா நாய்களை வெளியே அனுப்பவில்லை. தன் காட்டை மட்டும் காத்தார். அடுத்த பட்டத்தில் பன்றிக்கூட்டம் அக்காவின் வரப்பு வரை வந்து திரும்பி, மற்ற எல்லோருடைய கடலையையும் உழுதுவிட்டுப் போனது. அதற்கு அடுத்த பட்டத்திலும் அப்படியே. மூத்தார் வேறு நாய்கள் வாங்கிவந்தார். ஒன்று பன்றியைப் பார்த்ததும் ஊருக்கு ஓடிவந்துவிட்டது. அதை நினைத்து இன்றும் நான் சிரிப்பேன். கடைசியில் எங்கள் வாசலுக்கு வந்தார்கள், இந்த முறை தெருவில் நிற்காமல் உள்ளே வந்தார்கள். அக்கா சொன்னது இதுதான். "வர்றேன். நான் முன்னால போவேன். நீங்க எனக்குப் பின்னால வாங்க."

அதற்கும் ஒரு தந்திரம் பண்ணிப் பார்த்தார்கள். அக்கா விடியற்காலையில் தனியாக வேறு வழியில் போய் அங்கே காத்திருக்கட்டும், யாரும் எதிரே பார்த்ததாக ஆகாது என்றார்கள். அக்கா கதவைச் சாத்தப் போனார். ஒப்புக்கொண்டார்கள். மந்தை வழியாக, ஊரே பார்க்க, வெள்ளைச் சேலையோடு அக்கா முன்னால் நடந்தார். அன்று பன்றி விழுந்தது. ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. "இன்னிக்கு நாள் நல்லாருந்தது" என்றார் மூத்தார்.

எழுபதுகளில் காட்டிலாகாவின் கெடுபிடி வந்து வேட்டை நிற்கும்வரை அக்கா முன்னால்தான் நடந்தார். தன் நாய்ப் பங்கை வாங்கித் தன் முந்தானையில் கட்டிக்கொண்டு வந்தார். தலைமை நாய்க்குத் திரும்பவும் பொட்டு என்றே பெயர் வைத்தார். அதன் நெற்றியில் புள்ளியே கிடையாது. ஒவ்வொரு தடவையும் பங்கு போடும் இடத்தில் அக்காவின் முதல் கேள்வி ஒன்றுதான். "செத்த பொட்டுக்கு ரெண்டு பங்கு இன்னா ஆச்சி?" முதலில் கோபப்பட்டார்கள். பிறகு சிரித்தார்கள். வைக்கவில்லை.

ஏகாம்பரத்தின் கல்யாணமும் அந்தக் காலத்தில்தான் நடந்தது. தாலி கட்டும் நேரத்தில் அக்காவைச் சமையல் கொட்டகையில் இருக்கச் சொன்னார்கள். தொடையில் தையல் தழும்போடு மாப்பிள்ளை மணவறையில் உட்கார்ந்திருந்தார். சின்னம்மா எங்கே என்று அவர் கேட்கவில்லை. அக்கா முரளியைக் கூட்டிக்கொண்டு, இலையில் உட்காராமல் வந்துவிட்டார். இதுவும் பின்னாலேயே நின்றதில் சேருமோ என்னவோ.

பிறகு முரளி வளர்ந்து, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தான். அக்கா நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அவனோடு போனார். கம்பெனிப் பேருந்து வரும் நேரத்துக்கு நாஷ்டா கட்டிக்கொடுத்து, பேரப்பிள்ளைகளை வளர்த்தார். அங்கேயும் தெருநாய்களுக்குப் பெயர் வைத்தார். பக்கத்துக் குடித்தனக்காரர்கள் "இது பெரிய பேஜாரும்மா" என்று சண்டைக்கு வருவார்கள். ஒரு மாதத்தில் அந்த நாய்கள் அவர்கள் வாசலையும் காவல் காக்கும். அப்புறம் சோறு அவர்களே வைப்பார்கள்.

முழங்கால் தேய்ந்து மாடி ஏற முடியாமல் போனபின் மணவாள நகருக்கு, இந்த வீட்டுக்கு வந்து என்னோடு இருந்தார், இங்கேயும் தெருநாய்களை வளர்த்தார். நான் தனி ஆள். கடைசி வருடங்கள் நாங்கள் இரண்டு பேரும் திருவாலங்காட்டில் இருந்த மாதிரியே சண்டை போட்டுக்கொண்டு இருந்தோம். குழம்பில் உப்பை அள்ளிப் போடுவார். மருந்தைத் துப்புவார். பொறுமையின் சிகரம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

பக்கவாதம் வந்தபின் அக்காவுக்குப் பல சொற்கள் போய்விட்டன. என்னை அம்மா என்று கூப்பிட்டார். அந்த நிலையில்தான் ஏகாம்பரம் பார்க்க வந்தார். பழமும் பிஸ்கட்டும் வாங்கிவந்து தலைமாட்டில் உட்கார்ந்தார். "சின்னம்மா, என்னத் தெரியுதா?" என்றார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு சொல்கூடக் குழறாமல் கேட்டார்.

"ரெண்டு பங்கு இன்னா ஆச்சி?"

ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். "பாவம், நெனப்பு தப்பிப்போச்சி" என்றார்.

அன்று அவரை மரியாதையாக அனுப்பிவைத்தேன். அதுதான் என் வாழ்நாளிலேயே நான் செய்த கஷ்டமான காரியம். அந்த வாரமே அக்கா போய்விட்டார். அக்காவுக்கு நினைவு தப்பவில்லை, ஏகாம்பரம். உங்களைப் பார்த்ததும் எதைக் கேட்க வேண்டுமோ அதைத்தான் கேட்டார். உங்கள் உயிருக்காகத் தன் நாயைக் கொடுத்தவர், அந்த நாய்க்கு வழக்கப்படி வரவேண்டியதைத்தான் கேட்டார். உங்களிடம் தனக்கென்று ஒருநாளும் எதையும் கேட்டதில்லை.

நன்றி சொல்லும் இடத்துக்கு வந்துவிட்டேன். இரவு பகல் பாராமல் வந்து பார்த்த எங்கள் தெரு மருத்துவருக்கு நன்றி. அக்காவைத் தூக்கி உட்கார வைக்க நான் கூப்பிடும்போதெல்லாம் ஓடிவந்த எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்றி. தாயைத் தாங்கிய முரளிக்கும் மருமகளுக்கும் நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்கள், ஆகவே ஆசீர்வாதம். கன்னியப்பன் இன்று இல்லை. அவர் தம்பியை முரளி வண்டி வைத்து அழைத்துவருகிறான். முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார், போகும்போது அவருக்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுப் போங்கள். அடுத்த நன்றி, குடல் சரிந்தபின்னும் பிடித்த பிடியை விடாத பொட்டுக்கு.

நம் வழக்கப்படி இன்றைய படையலில் அக்காவுக்குப் பிடித்த கறிக்குழம்பு உண்டு. அக்காவின் படத்துக்கு முன்னால் ஓர் இலைதானே போடுவார்கள், இங்கே ஏன் மூன்று இலை என்று காலையிலிருந்து பலர் கேட்டிருப்பீர்கள். நடுவில் இருப்பது அக்காவுக்கு. இரண்டு பக்கமும் இருப்பவை பொட்டுக்கு. ஓர் இலையில் வைப்பதை அக்கா வளர்த்த தெருநாய்களுக்குப் போடுவோம். இன்னொன்றை முரளி இன்றே எடுத்துப்போய் அந்தப் பழைய வரப்பில் புதைப்பான். அந்த இரண்டிலும் கறி வைக்க வேண்டியவர் ஏகாம்பரம். கரண்டியைப் படத்துக்குப் பக்கத்திலேயே வைத்திருப்பேன். எழுந்து முன்னால் வரட்டும். அவர் வைத்தபின்தான் பந்தி.